இலை நின்ற செடி

அக்டோபர் 12

சித்திரையில் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்த ஒட்டு ரோஜா மூன்றும் மொட்டையாக நிற்கின்றன. இலையெல்லாம் கரும்புள்ளி, சுற்றி மஞ்சள், தொட்டால் உதிர்கிறது. பப்பா மெய்லாண்ட் மட்டும் ஒரு பூ வைத்திருக்கிறது. கருஞ்சிவப்பு, வாசலைத் தாண்டும் மணம். 1963-இல் பிரான்சில் வந்த ரகம். மணத்துக்கு மயங்கி வாங்கினேன், இலையைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 15

இலை ஏழு மணி நேரம் போல ஈரமாக இருந்தாலே போதுமாம், கரும்புள்ளிப் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும். மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டில் சாயங்காலம் இறங்கும் பனிமூட்டம் மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் கலைகிறது. இதில் நான் வேறு அந்தியில் இலைமேல் தண்ணீர் தெளித்திருக்கிறேன்! உதிர்ந்ததைக் கூட்டி எரித்தேன்.

அக்டோபர் 19

பக்கத்து வீட்டு ஆயாவின் வேலியில் பன்னீர் ரோஜா. மருந்தே கண்டதில்லை. குனிந்து பார்த்தேன்: புள்ளி இல்லாமலில்லை, ஆனால் இலை நிற்கிறது, பூப்பதும் ஓயவில்லை. "காப்பிச் செடிக்குள்ள கொண்டுபோய் வச்சா காத்து எங்க கண்ணு வரும்?" என்றார். சில்வர் ஓக் நிழலில் நட்டது என் புத்தி.

அக்டோபர் 24

அந்தப் பன்னீர் ரோஜாவை ஆயா நாட்டு ரோஜா என்கிறார். செடியோ எட்வர்ட் ரோஜா. ரீயூனியன் தீவின் வேலிகளில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த வம்சம், 1817 வாக்கில் கண்ணில் பட்டது. நம் நாட்டில் ஒட்டுக்கட்ட அடிச்செடியாகவும் வைக்கிறார்கள். மேலே அலங்காரம் இன்னொருத்திக்கு. கொடைக்கானலில் வீரு வீரராகவன் நம் காட்டு ரோஜாக்களான கிளைனோபில்லா, ஜைஜாண்டியாவைச் சேர்த்து நம் வெயிலுக்கேற்ற ரகங்களை உருவாக்கினார். அவர் ரோஜா ஒன்று கிடைத்தால் தேவலை. கிடைக்கும் வரை ஆயா வேலிதான்.

நவம்பர் 2

ஆயா பென்சில் கனத்தில் ஒன்பது குச்சி வெட்டித் தந்தார். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, காலை வெயில் முதலில் விழும் கிழக்கு வேலியோரம் இரண்டடி இடைவெளியில் ஊன்றினேன். இனித் தண்ணீர் வேருக்கு மட்டும், அதுவும் காலையில். பப்பா மெய்லாண்டைப் பிடுங்க மனசு வரவில்லை. தொட்டிக்கு மாற்றித் தாழ்வாரத்தில் வைத்தேன், மழை படாது. செல்லப்பிள்ளை.

நவம்பர் 27

நாலில் துளிர். ஆயா வந்து எண்ணிப் பார்த்தார்.

"மிச்சம் அஞ்சை ஆடு தின்னுச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.