பல்லேகலவுக்குப் புறப்படுமுன் ஒரு கொப்பி

ஏ-9 வீதியை வடக்கிலுள்ள நாம் யாழ்ப்பாணத்து வீதி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அதன் கிலோமீற்றர் கற்கள் எண்ணப்படுவது கண்டியிலிருந்து. சுமார் 320 கிலோமீற்றர் நீளமான இந்த வீதி போர்க்காலத்தில் பல வருடங்கள் மூடிக் கிடந்தது. 2002 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்தபின், 2009 இன் இறுதியிலிருந்து படிப்படியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

1977 கலவரத்தின் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வடக்கு நோக்கிச் சென்று வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் காடு வெட்டிக் குடியேறின. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வன்னியில் எங்களோடு சேர்ந்தே போரை அனுபவித்தார்கள். இன்று அவர்களிலும் எங்களிலும் சிலர், உழைப்புத் தேடித் தெற்கு நோக்கிப் போவது பற்றி யோசிக்கிறோம். கொழும்பு வாடகை கட்டுப்படியாகாது என்று நினைப்பவர்களுக்கு, அதைவிடச் சிறிய நகரமான கண்டி நினைவுக்கு வருகிறது. கண்டியில் வேலை என்றதும் பலர் சொல்லும் பெயர் பல்லேகல.

அந்த இடம் எப்படிப்பட்டது? அங்கே போய்க் குடியிருக்க எவ்வளவு காசு வேண்டும்? இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

போகும் வழி

வவுனியாவைத் தாண்டி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வரை எமக்குப் பழக்கமான வெயிலும் சமதரையும்தான். மாத்தளையை நெருங்கும்போது மலைகள் தொடங்குகின்றன. அக்குறணை, கட்டுகஸ்தோட்டை ஊடாகக் கண்டி. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மார்கழி, தை மாத இரவுகளில் நன்றாகக் குளிரும். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் போர்வையும் வேண்டும். கொப்பியில் எழுத வேண்டிய முதல் செலவுகளில் இதுவும் ஒன்று.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் ஏ-26 வீதியில், தென்னக்கும்புரப் பாலத்தால் மகாவலி கங்கையைக் கடந்தால் குண்டசாலை. அதையடுத்து பல்லேகல. கண்டி நகரைப்போல நெருக்கமில்லை. வீதியும் நிலமும் விரிந்து கிடக்கின்றன. முதலீட்டுச் சபையின் கண்டி கைத்தொழிற் பூங்கா இங்கேதான் உள்ளது. மத்திய மாகாண சபையின் அலுவலகத் தொகுதியும், 2009 இல் திறக்கப்பட்டு அடுத்த வருடம் முத்தையா முரளிதரனின் பெயர் சூட்டப்பட்ட கிரிக்கெட் மைதானமும் இங்கேயே உள்ளன. மேலும் சென்றால் திகன, அதற்கப்பால் தெல்தெனிய.

தெல்தெனியவுக்கு ஒரு கதை உண்டு. விக்டோரியா அணைக்கட்டு 1985 இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. ஊரை விட்டவர்கள் புதிய நகரத்திலும், தூரத்து மகாவலிக் குடியேற்றங்களிலும் வாழ்வைத் தொடங்கினார்கள். நீர் வற்றும் காலத்தில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரியும். நீங்கள் வாடகைக்கு இருக்கப்போகும் வீட்டின் சிங்கள அம்மாவும் ஒருகாலத்தில் வீட்டை விட்டு வந்தவராக இருக்கலாம்.

கசப்பானதையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாட்டில் அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. போகுமிடத்தில் அயலில் யார் இருக்கிறார்கள், அவசரத்துக்கு யாருடைய கதவைத் தட்டலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே.

ஓடியதும் போவதும்

இடம்பெயர்வு எமக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களைக் கேளுங்கள். 2009 இல் மாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களைக் கேளுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று எண்ணிப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அன்று எங்களுக்குக் கிடைக்காத ஒன்று இன்று கையில் இருக்கிறது. அது எண்ணிப் பார்க்கும் நேரம். அதைப் பயன்படுத்தாமல் புறப்பட்டால், வேலைக்காகப் போவதும் இன்னொரு இடம்பெயர்வாகவே முடியும்.

ஆகவே முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்.

மாத வருமானம்

தனியார் துறையில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய் என்றும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய் என்றும் சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டது. இதில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 8 வீதம், அதாவது 2,400 ரூபாய் கழிக்கப்படும். கைக்கு வருவது 27,600. உங்கள் பெயரில் தொழில் தருபவர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். நியமனக் கடிதம் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.

இனி ஓர் உதாரணம். ஓர் அறையும் சமைக்க ஓர் இடமும் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வாடகை கூடலாம், குறையலாம். நீங்கள் கேட்டறிந்த தொகையை எழுதுங்கள். 27,600 இல் 12,000 போனால் மிச்சம் 15,600. அதை 30 ஆல் பிரித்தால் நாளொன்றுக்கு 520 ரூபாய். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட, பஸ்ஸுக்கு, மின்சாரத்துக்கு, கொப்பி பென்சிலுக்கு, காய்ச்சல் வந்தால் மருந்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்த 520 தான்.

இந்த ஒரு கணக்கே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும். மேலதிக நேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது எல்லா மாதமும் கிடைக்காது. அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதும் ஒரு கேள்வி. இரண்டு பெண்கள் ஒரே அறையைப் பகிர்ந்தால் ஆளுக்கு 6,000. அப்போது நாளுக்கு 720 மிஞ்சும். முதல் சில மாதங்கள் ஒருவர் மட்டும் விடுதியில் தங்கிப் பார்ப்பதும் ஒரு வழி.

புறப்படுமுன் கையில் இருக்க வேண்டியது

மாதக் கணக்கு சரிவந்தாலும், தொடக்கக் காசு இல்லாவிட்டால் போக முடியாது. வீட்டுக்காரர் ஆறு மாத முற்பணம் கேட்டால், எமது உதாரணப்படி 72,000 ரூபாய். முதல் மாத வாடகையும் சேர்த்தால் 84,000. அடுப்பு மூட்டுமுன்னரே இவ்வளவு. அந்த முற்பணம் வாடகையில் கழியுமா, போகும்போது திருப்பித் தரப்படுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குக் காட்டிய பின்பே ஒப்பமிடுங்கள்.

முதல் சம்பளம் மாத முடிவில்தான் வரும். எனவே குறைந்தது இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு கையில் வேண்டும். பஸ் அல்லது லொறிக் கூலி, பாத்திரம், பாய், பாடசாலைச் சீருடை ஆகியவற்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

கடைசி வரியில் எழுத வேண்டியது திரும்பி வரும் செலவு. எல்லோருக்கும் ஊருக்குத் திரும்பத் தேவையான பஸ் காசையும், வந்தபின் ஒரு மாதம் சாப்பிடத் தேவையான காசையும் வேறாக எடுத்து வையுங்கள். வேலை பிழைத்தாலும், மேற்பார்வையாளர் தொல்லை தந்தாலும், பிள்ளைக்கு அந்த இடம் ஒத்துவராவிட்டாலும், "இனிப் போக வழியில்லை" என்று சகித்துக்கொண்டு இருக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. திரும்பும் காசு உள்ள பெண்ணை எவரும் எளிதில் மிரட்ட முடியாது.

நுண்கடன் எடுத்துப் போவதைத் தவிருங்கள். ஏற்கெனவே கடன் இருந்தால் அதன் தவணையையும் மாதச் செலவில் சேருங்கள். குழுக் கடன் என்றால், நீங்கள் சொல்லாமல் போன பிறகு உங்கள் தவணைக்காகப் பிடிபடுவது பக்கத்து வீட்டுச் சகோதரிதான். நகை அடகில் இருந்தால் வட்டியையும் மீட்க வேண்டிய திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காசு மட்டுமல்ல

பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றின் பிரதிகள் வேறாக இருக்கட்டும். தமிழ்மொழிப் பாடசாலைகள் கண்டி நகரிலும், திகனவுக்கு அருகே ரஜவெல்லைத் தோட்டப் பகுதியிலும் உண்டு. ஆனால் இடம் இருக்கிறதா, பிள்ளை எந்த பஸ்ஸில் போய்வரும் என்பதை நேரில் அறிந்த பின்பே வீடு பாருங்கள்.

அஸ்வெசும கொடுப்பனவு பெறுபவர்கள், முகவரி மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். உத்தரவுப் பத்திரக் காணி உள்ளவர்கள், அதை ஆளில்லாமல் விடலாமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். கணவரையோ பிள்ளையையோ தேடிக்கொண்டிருப்பவர்கள், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குப் புதிய முகவரியை எழுத்தில் அறிவியுங்கள். எத்தனையோ வருடங்கள் காத்திருந்த ஒரு கடிதம், பூட்டிய வீட்டுப் படலையில் கிடக்கக்கூடாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. சமதரையில் வளர்ந்த எமக்கு மலைச்சரிவின் ஆபத்து பார்த்தவுடன் தெரியாது. மலிவாகக் கிடைக்கும் வீடு ஒரு மேட்டின் கீழே இருந்தால், அந்த இடத்தின் மண்சரிவு அபாயம் பற்றி அப்பகுதிக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், மண்ணிலிருந்து திடீரெனக் கசியும் நீர் ஆகியவற்றைக் கண்டால் அந்த வீடு வேண்டாம்.

எனவே, பொருட்களுடன் போகுமுன் ஒருமுறை வெறுங்கையுடன் போய்வாருங்கள். தனியாக அல்ல, ஒரு சகோதரியுடன். தொழிற்சாலை வாசலில் வேலை முடிந்து வரும் பெண்களிடம் பேசுங்கள். இரவு வேலை முடிந்து நடக்கும் பாதையை இருட்டியபின் நடந்து பாருங்கள். கட்டுக்கலை பிள்ளையார் கோயிலிலோ, தேவாலயத்திலோ, பள்ளிவாசல் அயலிலோ தமிழ் பேசும் இரண்டு குடும்பங்களையாவது அறிமுகமாக்கிக்கொள்ளுங்கள். அரசாங்கத் தகவலுக்கு 1919, பெண்களுக்கான உதவிக்கு 1938 ஆகிய தொலைபேசி இலக்கங்களைக் கொப்பியின் அட்டையில் எழுதுங்கள்.

கணக்கு சரிவந்தால் துணிந்து போங்கள். சரிவராவிட்டால் போகாமல் இருப்பது தோல்வியல்ல. அடுத்த வருடத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.