மலை இல்லாத மலை

சுவாமிமலையில் மலை கிடையாது. பழனி மாதிரி விஞ்ச் இருக்கும், மேலே போனால் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள். கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறைக்காகக் கண்டக்டரை முறைத்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் வயல், வாழை, தென்னை. தோசைக்கல் மாதிரி தட்டை. நடுவில் ஒரு கட்டுமலை, மனிதன் கட்டியது. அறுபது படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வருஷத்தின் பெயர், பிரபவ முதல் அட்சய வரை. நான் பிறந்தது பிரமோதூத, வரிசையில் நாலாவது. முப்பத்தைந்து வயசிலும் நாலாவது படியிலேயே நிற்கிற அனுபவம் உங்களில் பல பேருக்கு ஆபீசில் இருக்கும்.

நிஜ மலை கீழே இருக்கிறது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடி வந்தவர்கள் பூமியை அளந்து, துளைத்து, வரைபடம் போட்டபோது இந்தப் பக்கம் மண்ணுக்கு அடியில் பழைய பாறை முதுகு ஒன்று நீளமாக ஓடுவது தெரிந்தது. கும்பகோணம்-மடானம் மேடு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் இரண்டு பக்கமும் பள்ளம். கோடிக்கணக்கான வருஷமாக ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மண் அந்தப் பள்ளங்களில் கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. நாம் நடப்பது அந்தக் குவியலின் மொட்டைமாடியில்.

இந்தச் சமாசாரமெல்லாம் எனக்கு எதற்கு? பி.காம் படித்தவனுக்குப் பாறையோடு என்ன பேச்சு? காரணம் சித்தப்பா.

சித்தப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே நாலு ஏக்கர். கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறக்க வேண்டும் என்பது வழக்கம். திறந்தாலும் அது அவர் வயலுக்கு வருவதற்குள் வழியில் உள்ள எல்லோரும் குளித்து முடித்திருப்பார்கள். அதனால் போர் போடுவதென்று முடிவு. சித்தியின் ஆறு பவுன் வங்கிக்குப் போய்விட்டது. ரிக் வண்டிக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை வண்டி வரும். அதற்கு முன்னால் சுவாமிநாதனைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பனுக்கே ரகசியம் சொன்ன பிள்ளை, பூமிக்குள்ளே இருக்கிற ரகசியத்தைத் தனக்கும் சொல்லக்கூடாதா என்பது அவருடைய வாதம். துணைக்கு நானும், லீவில் வந்திருந்த கோயமுத்தூர் நண்பனும். நண்பனுக்கு அங்கே ஒரு ஃபவுண்டரியில் வேலை. பம்பு, வால்வு வார்ப்பார்கள்.

தரிசனம் அரை மணி. அப்புறம் டபராவில் காபி. அதைப் பற்றி ஏற்கெனவே போதுமான பேர் எழுதிவிட்டார்கள்.

நண்பனை இழுத்தது சிலைப் பட்டறைதான். சுவாமிமலையில் தெருவுக்குத் தெரு பட்டறை. 2023-ல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத மண்டபத்தில் 27 அடி நடராஜரை நிறுத்தினார்களே, சுமார் 18 டன், அவர் இந்த ஊர்க்காரர். நாங்கள் நுழைந்த பட்டறையில் ஓர் அடி அம்மன்தான். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்து முதலில் மெழுகில் சிலை. அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்து, பூசி, நிழலில் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்து... கடைசியில் அது ஒரு மண் பொட்டலம். சூடுகாட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே அம்மன் வடிவத்தில் வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல். பார்க்கிறதற்குச் சிவப்புத் தண்ணீர்.

"உள்ளே மூக்கு வந்துச்சா, விரல் வந்துச்சான்னு எப்படிங்கய்யா தெரியும்?" என்றான் நண்பன்.

"உடைச்சாத் தெரியும் தம்பி" என்றார் ஸ்தபதி.

உடைத்தால் அச்சு போச்சு. ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். உலோகம் போகிற வழியில் ஆறிவிட்டால் விரல் இருக்காது. உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் கன்னத்தில் ஓட்டை. பல வார வேலை மறுபடி மெழுகிலிருந்து.

எங்கள் ஃபவுண்டரியில் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தான் நண்பன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். அச்சுக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம். பக்கத்துக் கட்டத்திலிருந்து எவ்வளவு உலோகம் வந்தது, எவ்வளவு போனது, மீதி எவ்வளவு. அதேபோல வேகத்துக்கு ஒரு பேரேடு, சூட்டுக்கு ஒரு பேரேடு. ஒரு கண்ணிமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் நகர்ந்ததும் எல்லாப் புத்தகமும் டேலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் திரும்பப் போடு. இதைத்தானய்யா மூன்று வருஷம் பி.காமில் சொல்லிக்கொடுத்தார்கள்! பற்று வரவு தெரிந்தவன் பாதி விஞ்ஞானி.

இந்தக் கணக்குக்கு மூலம், பிரான்சின் நேவியரும் பிரிட்டனின் ஸ்டோக்ஸும் 19-ம் நூற்றாண்டில் எழுதிய சமன்பாடு. நிஜமான அச்சுக்கு அதைக் கையால் போட்டு விடை கண்டுபிடிக்க யாராலும் ஆகாது. 1965-ல் அமெரிக்காவின் லாஸ் அலாமோஸில், அணுகுண்டு செய்த அதே ஆராய்ச்சிக்கூடத்தில், ஹார்லோ, வெல்ச் என்ற இருவர் கட்டங்களுக்குள் குட்டிப் புள்ளிகளை மிதக்கவிட்டு, தண்ணீரின் மேல்மட்டம் எப்படித் தளும்புகிறது என்று கம்ப்யூட்டரை வைத்துக் காட்டினார்கள். இன்றைக்கு ஃபவுண்டரிகளில் ஓடும் சாஃப்ட்வேர்களுக்கு அது தாத்தா மாதிரி. ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கு எல்லா நேரத்திலும் ஒழுங்கான விடை இருக்கிறதா என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் என்று 2000-ம் வருஷத்தில் ஒரு நிறுவனம் அறிவித்தது. நிறுவனத்தின் பெயர் கிளே. அதாவது களிமண். அச்சு வேலைக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் அது பணம் கொடுத்த பிரபுவின் பெயர்.

"நூறு தடவை ஸ்கிரீன்லயே ஊத்திப் பாத்துக்கலாமுங்க. வாயை இந்தப் பக்கம் மாத்தி, காத்துப் போற துளையை அந்தப் பக்கம் மாத்தி... காசே இல்லை" என்றான் நண்பன்.

ஸ்தபதி ஆர்வமாகத்தான் கேட்டார். "நம்ம அம்மனைப் போட முடியுமா?"

"போடலாமுங்க. உங்க மண்ணு சூட்டை எவ்வளவு வேகமா கடத்தும்னு ஒரு நம்பர் வேணும்."

"நம்பரா? நான் பிசைஞ்சு பாத்து, மோந்து பாத்துச் சொல்லுவேன்."

நண்பன் தலையைச் சொறிந்தான். அவனுடைய ஃபவுண்டரியிலும் மணலுக்கு அந்த நம்பர் வானத்திலிருந்து வரவில்லையாம். நிஜமாக ஒரு வார்ப்பு போட்டு, உள்ளே சூட்டுமானி வைத்து அளந்து, கம்ப்யூட்டர் சொன்னதோடு ஒப்பிட்டு, திருத்தித் திருத்தி எடுத்ததாம். காவிரிக்கரையில் மண் வாய்க்காலுக்கு வாய்க்கால் மாறும்.

"அப்ப புது மண்ணு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று சித்தப்பா கேட்டார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

"சின்னதா ஒரு விளக்கு வார்த்துப் பாப்பேன். போனா விளக்கோட போகட்டும்."

சித்தப்பா சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். எங்களிடம்கூட அதுவரை காட்டவில்லை. மின்சாரம் விட்டு நிலத்தடி நீர் பார்க்கிறவர் கொடுத்தது. நாலு இரும்புக் கம்பிகளை வயலில் ஒரே கோட்டில் நட்டு, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே கரண்ட் விட்டு, உள்கம்பிகள் இரண்டில் வோல்ட் அளப்பார். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட நட, கரண்ட் இன்னும் ஆழத்தில் போய்த் திரும்பும். அவர் ஒயரை விரித்ததும் ஊரே கூடிவிட்டதாம். கூடாதா பின்னே? நரிமணத்தில் எண்ணெய் எடுத்ததைப் பார்த்த ஜில்லா. 2010-க்குப் பிறகு மீத்தேன் பயம் வேறு. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்த பிறகும் வயலில் யாராவது ஒயரோடு இறங்கினால் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். போருக்குத்தான் என்று சித்தப்பா சத்தியம் செய்த பிறகே கம்பியை நடவிட்டார்களாம்.

இதே வேலையைப் பெரிய அளவில் கம்பியே நடாமலும் செய்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலூர் மாவட்டத்துக் கீழ் வெள்ளாற்றுப் பகுதியில் ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010-களில் ஹெலிகாப்டரில் பறந்தே அளந்தார்கள். கீழே ஒரு பெரிய கம்பி வளையம் தொங்கும். அதில் கரண்ட் விட்டு, சட்டென்று நிறுத்துவார்கள். நிறுத்தியதும் பூமிக்குள் தானாக ஒரு சுழல் மின்சாரம் பிறந்து, சுருட்டுப் புகை வளையம் மாதிரி விரிந்துகொண்டே கீழே இறங்கும். அது எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை மேலிருந்தே அளந்து, கீழே இருப்பது மணலா, களியா, பாறையா என்று கணிப்பது.

இன்னும் ஆழம் போக வேண்டுமானால் கரண்டே விடவேண்டாம். உலகத்தில் எங்கோ இடிக்கிற மின்னலும் சூரியனிலிருந்து வருகிற புயலும் பூமியின் காந்தப்புலத்தை எப்போதும் ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டம் பூமிக்குள் லேசான மின்சாரத்தை ஓடவைக்கிறது. மேலே உட்கார்ந்து இரண்டையும் அளந்தால் போதும் என்று ரஷ்யாவின் டிகனோவ் 1950-லும் பிரான்சின் கான்யார் 1953-லும் சொன்னார்கள். வேகமான ஆட்டம் மேலோடு நின்றுவிடும், மெதுவானது ஆழம் போகும். வினாடிக்கு ஒரு தடவை ஆடுவது, நம் டெல்டா மாதிரி ஈர மண்ணில் ஒன்றரை கிலோமீட்டர் போகலாம். நூறு வினாடிக்கு ஒரு தடவை ஆடினால் அதைப்போலப் பத்து மடங்கு. குப்பத்திலிருந்து பழனி வரை கோடு போட்டுப் பூமியின் ஓட்டைப் பல வழிகளில் ஆராய்ந்தபோது இந்த முறையையும் வைத்துப் பார்த்தார்கள். பழனி! அறுபடை வீட்டுக்காரர் அங்கேயும் விடவில்லை.

எல்லாம் சரி, காகிதத்துக்கு வருவோம். 60 அடியிலிருந்து 140 அடி வரை 'குறைந்த ஓம்' என்று போட்டிருந்தது. அதாவது மின்சாரம் சுலபமாக ஓடுகிறது.

"அப்ப தண்ணி இருக்குல்ல?" என்றேன்.

"அதான்டா சிக்கல்" என்றார் சித்தப்பா.

களிமண்ணிலும் மின்சாரம் சுலபமாக ஓடும். உப்புத் தண்ணீர் ஊறிய மணலிலும் ஓடும். காகிதத்தில் இரண்டும் ஒரே நம்பர். களியென்றால் துளைத்துக்கொண்டு போய்க் கீழே உள்ள மணலில் நல்ல தண்ணீர் எடுக்கலாம். உப்புத் தண்ணீர் என்றால் அந்த மட்டத்தைக் குழாயைச் சுற்றி சிமெண்ட் போட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் உப்பு கீழே இறங்கி, அவர் போர் மட்டுமல்ல, பக்கத்து வயல் போரும் கெடும். ஹெலிகாப்டர் பறந்தாலும் இந்தச் சந்தேகம் தீராது. அதனால்தான் அவர்களும் ஏற்கெனவே போட்ட போர்களின் மண் கணக்கை வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். நீரோட்டம் பார்க்கிற ஒருவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தாராம். தேங்காய் எழுந்து நின்றதாம். உப்பா நல்லதா என்று அதுவும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே சித்தப்பா ரிக் வண்டிக்காரருக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கே கேட்டது. அட்வான்ஸ் திரும்பாது என்பது தவிர வேறு வார்த்தை புரியவில்லை. சித்தப்பா மறுபடி ஒரு நம்பரைத் தட்டினார். கைபோர் போடுகிற கோஷ்டி. "நாலு இஞ்சுதான்... சும்மா பாக்கத்தான்... பத்தடிக்கு ஒருதரம் மண்ணைத் தனித்தனியா கூறு கட்டி வைக்கணும்" என்றார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"களிதான்டா! நூத்திமுப்பது அடி வரைக்கும் வெண்ணெய் மாதிரி களி. அதுக்குக் கீழ மணல்."

"தண்ணி?"

"இருக்கு."

"நல்ல தண்ணியா?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "டீக்கு ஆகாது. நெல்லுக்கு ஆகும்."