மேட்டூர்க் கரையில் என் தூண்டில்

மேட்டூருக்குப் போகிறவர்கள் 1934-ல் கட்டி முடித்த அணையையும் பூங்காவையும் பார்ப்பார்கள். மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவார்கள். நான் நாத்தனார் வீட்டுக்குப் போனால், அனுமதி உள்ள இடமா என்று விசாரித்துக்கொண்டு, காவிரிக்கரையில் தூண்டிலோடு உட்காருவேன்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இது?" என்பார் மாமியார். நமக்கென்று ஒரு மணி நேரம் வேண்டாமா, சகோதரிகளே?

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரே ஒரு இலக்கு வைத்தேன். முதல் தடவை, தக்கையைக் கவனிப்பது. லேசாக நடுங்கினால் பொடிமீன் கொறிக்கிறது. அமுங்கி நகர்ந்தால்தான் சுண்ட வேண்டும். அடுத்து இரை: 1952-ல் நம் நாட்டுக்கு வந்த ஜிலேபிக் கெண்டைக்குப் பிசைந்த மாவு, கெளுத்திக்கு மண்புழு. கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும்; துணி சுற்றிப் பிடியுங்கள். மூன்றாவது, குஞ்சுகளை ஈரக்கையால் எடுத்துத் தண்ணீரிலேயே விடுவது.

எத்தனை மீன் என்பது ஆற்றின் கையில். இன்று என்ன கற்றோம் என்பதுதான் நம் கையில்.

ஒரு விஷயம். குறுவைக்கு ஜூன் 12-ல் அணை திறப்பது வழக்கம். வெள்ளக் காலத்திலும் திறப்பார்கள். ஆறு மளமளவென்று ஏறும். எச்சரிக்கை கேட்டதும் தூண்டிலைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வாருங்கள். மீன் நாளைக்கும் கிடைக்கும்!