பத்து மாட்டுக்கு எவ்வளவு இரும்பு வேண்டும்?

மலேசியாவில் ஜாசின், அலோர் காஜா பக்கம் செம்பனை நிழலில் பத்துப் பன்னிரண்டு மாடு வளர்ப்பவருக்கு, ஊசி போட மாட்டை அசையாமல் நிறுத்த இறக்குமதியாகும் இரும்புக் கூண்டு தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். கழுத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு நல்ல கதவும், அதற்கு இட்டுச்செல்லும் குறுகிய வழியும் போதும். வழியின் அகலம் 70 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பெரிய மாடும் திரும்ப முடியாது. சின்ன நாட்டு மாட்டுக்கு இன்னும் குறுக்கலாம். காசை முதலில் கதவில் போடுங்கள். நேர்க்கம்பிக் கதவே நல்லது: மாடு சரிந்து படுத்தாலும் மூச்சு முட்டும் ஆபத்து குறைவு. பக்கங்களைப் பலகையால் மறைத்தால் மிரட்சி குறையும். தரை வழுக்கக் கூடாது. மழைக்காலத்தில் வழுவழுப்பான சிமெண்டில் மாடு கால் ஒடித்துக்கொள்ளும்.

“மூக்கணாங்கயிறு போதாதா? தாத்தா காலத்தில் எந்தக் கூண்டு இருந்தது?” என்று கேட்பார்கள். கயிறு தலையைப் பிடிக்கும், உதையைத் தடுக்காது. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும்; 2021இல் தோல் கழலை நோயும் மலேசியாவுக்குள் வந்துவிட்டது. ஊசி போடவரும் கால்நடை ஊழியரின் விலா எலும்புக்கு யார் பொறுப்பு? செலவுதான் தடை என்றால், அதுவும் நியாயமே. பக்கத்துப் பக்கத்து நாலு வீட்டார் சேர்ந்து ஒரு கதவையும் வழியையும் செய்துகொள்ளலாம். ரப்பர் மரக்கட்டையில் மட்டும் கட்டாதீர்கள். பதப்படுத்தாவிட்டால் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் தின்றுவிடும். துத்தநாகம் பூசிய குழாயை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே இணைத்து வாங்கலாம், கூர்முனைகளைத் தேய்த்துத் தரச் சொல்லி.