மூங்கில் நாற்காலி

ஹோ சியாவ்-சியனின் 'எ டைம் டு லிவ் அண்ட் எ டைம் டு டை' (1985) படத்தில், சீனாவிலிருந்து தைவானுக்கு வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் எல்லாமே மூங்கில் சாமான். ஏன் என்று அப்பா செத்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. சில வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம், விட்டுவிட்டுப் போக வசதியாக இருக்கட்டும் என்று மலிவாக வாங்கியிருக்கிறார். பாட்டியோ ஊருக்கு நடந்தே போய்விடலாம் என்று மூட்டையோடு கிளம்புகிறாள். நடுவில் கடல் இருப்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பெங்களூரில் நானும் ஒன்பது வருஷமாக பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். "ஊருக்குப் போயிடப் போறோம், எதுக்கு சோபா?" ஆனால் எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் இருக்கு. ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

1949இல் உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாத அரசு தைவானுக்குப் பின்வாங்கியது. கூடப் போனவர்கள் எல்லாரும் விரும்பிப் போகவில்லை. ஃபூஜியன் கரையோரம் தோங்ஷான் என்று ஒரு தீவு. 1950 மே மாதம், அங்கிருந்து கிளம்பிய படை 4,700க்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. தோங்போ என்ற ஒரே கிராமத்தில் 147 பேர். அதில் 91 பேர் கல்யாணம் ஆனவர்கள். 'விதவைகள் கிராமம்' என்று பேர் விழுந்துவிட்டது. எனக்கு அந்தப் பேரில் உடன்பாடில்லை. புருஷன் உயிரோடு இருக்கானா இல்லையான்னே தெரியாதவளை எப்படி விதவை என்பது?

புது அரசின் கணக்கில் இவர்கள் எதிரிப் படையின் குடும்பங்கள். அந்த முத்திரை விழுந்தால் பிள்ளைகள் காலத்துக்கும் அழியாது. அங்கே கட்சிப் பொறுப்பில் இருந்த கு வென்சாங், 'எதிரிக் குடும்பம்' என்பதை 'படையால் பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று மாற்ற வைத்தார். ஒரு சொல்தான். நானும் ஆபீஸில் தினம் பத்து வேரியபிளுக்குப் பேர் மாத்துறேன், அதனால் ஒருத்தருக்கும் நிம்மதி வந்ததில்லை.

1987 ஜூலையில், 38 வருஷம் கழித்து, தைவானில் ராணுவச் சட்டம் நீங்கியது. நவம்பரில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போக அனுமதி கிடைத்தது. இருபது வயதில் விட்டுவந்தவளுக்கு அப்போது ஐம்பத்தேழு. சிலர் வந்தார்கள். சிலர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். சிலருக்குத் தைவானில் இன்னொரு மனைவி, பிள்ளைகள்.

இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனை வருஷம்தான் மூங்கில் நாற்காலியில் உட்கார்வான் ஒருத்தன்? என்றைக்கோ ஒரு நாள் மர நாற்காலி வாங்கியிருப்பான்.

ஆனால் இதைத் தோங்போவில் காத்திருந்தவளிடம் போய்ச் சொன்னால், அவ என்னை உட்காரச் சொல்வாளா என்பதே சந்தேகம்.