முழுதாக மிதிக்க முடிகிற கார்

ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி, “எத்தனை ஹார்ஸ்பவர்?” என்பதுதான். நான் வசிக்கும் தெற்குக் கலிபோர்னியாவில் கார் பித்து அதிகம்; இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. என்னுடையது முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா. 1.6 லிட்டர் எஞ்சின், 116 ஹார்ஸ்பவர். இன்றைக்குக் குழந்தைகளைப் பள்ளியில் விடப் போகும் குடும்பக் கார்கள் பலவற்றுக்கு இதைவிடச் சக்தி அதிகம். “ஒரு டர்போ போட்டுவிடேன்” என்று நண்பர்கள் அக்கறையோடு சொல்வார்கள்.

மியாட்டாவுக்கு விதை போட்டவர் பாப் ஹால் என்கிற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர். எடை குறைந்த, கூரை திறக்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த காலத்தில், அப்படி ஒன்றை நீங்கள் செய்யுங்கள் என்று மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னார். பிறகு அந்த நிறுவனத்திலேயே வேலைக்கும் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. ஒரு டன்னுக்கும் குறைவான எடை. பானெட் அலுமினியம். கியர்பாக்ஸையும் பின்சக்கர டிஃபரென்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இறுகப் பிணைக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் இழுவை பின்சக்கரத்துக்குத் தளர்வில்லாமல் போய்ச்சேர அந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். விளம்பரப் பலகையில் எழுத முடியாத இந்த மாதிரி விஷயங்களுக்கு அந்தப் பொறியாளர்கள் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைத்தொடரில் ஏறுகிறது ஏஞ்சலஸ் கிரெஸ்ட் நெடுஞ்சாலை. நூறு கிலோமீட்டருக்கு மேல் வளைவுதான். வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர். என் கார் இரண்டாவது கியரில் எஞ்சின் சுற்று வரம்பைக் குறிக்கும் சிவப்புக் கோட்டை நெருங்கும்போது தொடுகிற வேகமும் ஏறக்குறைய அதுவே. அதனால் ஒரு வளைவை விட்டு வெளியே வரும்போது வலது காலைத் தரைவரை அழுத்தலாம். எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுவரை பாடும். அடுத்த வளைவு வரும்; பிரேக், கிளட்ச், கியர், மறுபடி மிதி. காரிடம் இருப்பதையெல்லாம் நான் கேட்கிறேன், அது கொடுக்கிறது, சட்டமும் மீறப்படவில்லை.

அதே சாலையில் நண்பர் தன் ஐந்நூறு ஹார்ஸ்பவர் காரை என்னிடம் ஓட்டக் கொடுத்திருக்கிறார். அற்புதமான இயந்திரம். ஆனால் காலை அழுத்திய மறுநொடியே வேக வரம்பைத் தாண்டிவிடுகிறது. உடனே காலை எடுத்தாக வேண்டும். அழுத்துவதை விட எடுப்பதே பெரும்பாலும் என் வேலையாக இருந்தது. வளைவில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் டயரின் பிடிமானம் போதாமல் கணினி குறுக்கிட்டுச் சக்தியைக் குறைக்கிறது. அவ்வளவு எஞ்சினுக்கு ஈடு கொடுக்கப் பெரிய பிரேக், அகலமான டயர், கூடுதல் ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் எடை, அந்த எடையை ஒவ்வொரு வளைவிலும் சுமந்து திருப்ப வேண்டும்.

குறைந்த சக்தியே மேல் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சாலையின் உச்சி டாசன் சேடில், சுமார் 2,400 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் மூச்சும் அந்த அளவுக்குக் குறையும். 116 அங்கே தொண்ணூற்றுச் சொச்சம். ஏற்றத்தில் கார் திணறும்போது இன்னொரு முப்பது நாற்பது இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று உண்மையாகவே ஏங்குவேன்.

கூடுதல் சக்தி எப்படி வர வேண்டும் என்பதற்கு டொயோட்டா 86 நல்ல பாடம். தெட்சுயா தாதா தலைமையில் உருவாகி 2012இல் வந்த அந்தக் காருக்கு 200 ஹார்ஸ்பவர். போதாது, போதாது என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். குறை அந்த எண்ணில் இல்லை என்பது என் கட்சி. நாலாயிரம் சுற்றை ஒட்டி இழுவை திடீரெனப் பள்ளத்தில் விழும். மலைச்சாலையில் எஞ்சின் அடிக்கடி நிற்கிற இடமே அதுதான். 2021இல் வந்த ஜிஆர்86இல் எஞ்சினை 2.4 லிட்டராக்கினார்கள். சக்தி 228 ஆனது. அதைவிடப் பெரிய செய்தி, முன்பு 6,400 சுற்றில் கிடைத்த உச்ச இழுவை இப்போது 3,700லேயே கிடைக்கிறது என்பது. எடை அநேகமாக அப்படியே. அந்தக் கார் இனிமையானதற்கு நான் அந்த 28 ஹார்ஸ்பவரைவிட இந்த மாற்றத்தைத்தான் காரணமாகச் சொல்வேன். நான்காம் தலைமுறை மியாட்டாவிலும் 155 பிறகு 181 ஆனது. பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இலகுவாக்கி, சுற்று வரம்பை 6,800லிருந்து 7,500க்கு உயர்த்திப் பெற்ற சக்தி அது. இப்படி வருவதை இரு கை நீட்டி வாங்கிக்கொள்வேன்.

இன்னொரு கோடியில், டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 1,020 ஹார்ஸ்பவர் தருகிறது. எடை இரண்டு டன்னுக்கு மேல். அதன் பாய்ச்சலில் வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஓட்டுபவருக்குக் கிடைப்பதும் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஊஞ்சலில் யார் உட்கார்ந்தாலும் ஒரே ஆட்டம்தான். மியாட்டாவில் என் மனைவி சில சமயம் தூங்கிப்போவாள். எனக்கோ கையிலும் காலிலும் வேலை ஓயாது. ஓட்டும் இன்பம் என்று நான் சொல்வது அந்த வேலையை.

சின்ன எஞ்சின் என்றதும் கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்குக் கரிவரதனை நினைக்காமல் இருக்க முடியாது. மாருதியின் 800 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியவர். ஃபார்முலா மாருதி என்று பெயர். பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அதில்தான். எல்லோருக்கும் ஒரே சின்ன எஞ்சின் என்றால், வளைவில் வீணாக்கிய வேகத்தை நேர்ச்சாலையில் சக்தியைக் கொட்டி மீட்க வழியில்லை. அடுத்த வளைவில் இன்னும் நன்றாக ஓட்டியே மீட்க வேண்டும்.

டர்போவுக்கு ஒரு மெக்கானிக் விலை சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு, புது ஷாக் அப்சார்பர்கள், பிரேக் பேடுகள் வாங்கப் போகிறேன். மிச்சமிருந்தால் பந்தயத் தடத்தில் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே தாமதமாகப் பிரேக் பிடிக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்.