கூடையைத் தூக்கும் நேரம்

கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சிப்பிச் சாமான் வாங்குகிறவர்கள் யாரும் கடையின் பின்கட்டுக்குப் போவதில்லை. போனால் முதலில் மூக்கு எரியும். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் கலந்த ஆசிட். முத்துச்சிப்பி ஓடுகளைக் கூடையில் போட்டு ஒரு பெரியவர் உள்ளே இறக்குகிறார். புஸ்ஸென்று நுரை கிளம்புகிறது. ஓட்டின் சுண்ணாம்பு கரைய, கரியமில வாயு வெளியேறுகிறது. பாசியும் கறுப்புமாக இருந்த மேல்தோல் கழன்று, வெள்ளி தெரிகிறது. அவரிடம் கடிகாரம் இல்லை. நுரையின் சத்தம் மாறியதும் கூடையைத் தூக்கித் தண்ணீரில் முக்குகிறார்.

"கூடக் கொஞ்சம் கெடந்தா மினுக்கம் செத்துப்போவும், கேட்டியளா? பொறவு வெறும் சுண்ணாம்புதான்."

மினுக்கமும் சுண்ணாம்புதான். மேல்தோலிலும் உள்ளேயும் இருப்பது கால்சியம் கார்பனேட். மினுக்கம் சாயத்தால் வருவதில்லை. உள்ளே மட்டும் அது அரகோனைட் தகடுகளாக, இடையில் மெல்லிய புரதப் பசையோடு, செங்கல் வரிபோல அடுக்கியிருக்கிறது. ஒரு தகட்டின் கனம் சுமார் அரை மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் அடுக்குகளிலிருந்து திரும்பும் ஒளிகள் சேரும்போது ஒரு நிறம் ஓங்குகிறது, இன்னொன்று அடங்குகிறது. பக்கத்தில் குவிந்து கிடக்கும் சங்கை எவ்வளவு தேய்த்தாலும் இந்த வானவில் வராது. அதுவும் இதே பொருள்தான், அடுக்கு வேறு. சி.வி. ராமன் 1930களிலேயே சிப்பிகளின் நிறத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அடுத்த வேலை சாணை. அங்கே இருந்த அக்கா முகத்தில் துணி கட்டியிருந்தார். சிப்பித் தூசுக்கு அந்தத் துணி போதாது. ஓட்டை அவர் நேராக வைப்பதில்லை, லேசாகச் சரித்துப் பிடிக்கிறார். சரித்துத் தேய்க்கும்போது தகடுகளின் விளிம்புகள் மேற்பரப்பில் நுண்வரிகளாக வெட்டுப்படுகின்றன. அந்த வரிகளும் ஒளியைப் பிரிக்கும். 1814இல் இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: சிப்பியைக் கறுப்பு மெழுகில் அழுத்தி எடுத்தார், மெழுகிலும் நிறம் வந்தது. பையில் கறுப்பு அரக்கு கொண்டுபோயிருந்தேன். உருக்கி, அக்கா தேய்த்த ஓட்டை அழுத்தி எடுத்து டியூப் லைட்டில் சாய்த்தோம். மங்கலாக ஒரு பச்சை, ஓரத்தில் சிவப்பு. அக்கா அரக்கை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார், ஓட்டின் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று.

இதே வித்தை இன்று மருத்துவ ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. 2002இல் ஆய்வாளர் பிரையன் கன்னிங்ஹாமும் கூட்டாளிகளும், அச்சில் அழுத்தி நுண்வரி பதித்த பிளாஸ்டிக் தகட்டின்மேல் ஒளி ஊடுருவும் மின்கடத்தாப் பூச்சு ஒன்றைப் படியவைத்து ஒரு உணரி செய்தார்கள். அதன்மேல் வெள்ளொளி பட்டால், மிகக் குறுகிய ஓர் அலைநீளப் பட்டை மட்டும் பலமாகத் திரும்புகிறது. வரிகளில் சிக்கும் ஒளி சற்று நேரம் உள்ளேயே ஓடி வெளியேறுவதால் வரும் ஒத்ததிர்வு அது. மேலே ஒரு புரதம் ஒட்டினால் போதும், அந்த அலைநீளம் கொஞ்சம் நகரும். சாயம் ஏற்றாமலே ஏதோ ஒட்டியது என்று தெரிந்துவிடும். இத்தகைய பூச்சுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு தோதானது. அதற்கு மூலமான இல்மனைட் இங்கிருந்து மேற்கே, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது.

சிப்பியால் அப்படி ஒற்றை நிறம் தர முடியாது. அதன் தகடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஆகவே நிறம் பரந்து குழைகிறது. அடுக்கு சீராக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ராமன் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்த பொட்டாசியம் குளோரேட் படிகங்கள் சான்று. தீக்குச்சி மருந்தில் சேருகிற உப்புதான். அதன் சில படிகங்கள் ஒரே ஒரு கூரிய நிறத்தை மட்டும் திருப்பி அடிக்கும்.

ஆய்வகத்துக்காரர்கள் அந்தச் சீருக்குத்தான் கோடிகளைக் கொட்டுகிறார்கள் என்று பெரியவரிடம் சொன்னேன்.

"ஒரே கலரா இருந்தா பிளாஸ்டிக்குன்னு சொல்லிப் போட்டுட்டுப் போயிருவாங்க சார்" என்றார், அடுத்த கூடையை இறக்கியபடி.